வெள்ளை ஓக் சாப்பாட்டு மேசை: மூன்று குளிர்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்புரை

ஒரு சாப்பாட்டு மேசைக்கு 6,800 டாலர் கொடுத்தேன் என்று சொன்னால், நியூ ஜெர்சியில் எங்களைச் சுற்றியிருக்கும் தமிழ் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு பலகையின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்ப்பார்கள். கடைசியில், கடையில் ஆயிரம் டாலருக்கு ஆறு நாற்காலிகளோடு சேர்த்தே கிடைக்கும்போது இதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கான விடையில் பெரும்பகுதி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தால்தான் தெரியும் என்பதாலும், விருந்துக்கு வந்தவர்களைக் குனியச் சொல்வது முறையாகாது என்பதாலும், மூன்று குளிர்காலங்கள் பயன்படுத்திய பிறகு அதன் நிறைகுறைகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

மேசை 84 அங்குல நீளம், 42 அங்குல அகலம். எட்டுப் பேர் இடித்துக்கொள்ளாமல் உட்காரலாம். மரம் வெள்ளை ஓக், பாணி ‘ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ்’. செய்தவர் நியூயார்க் மாநிலத்தின் கேட்ஸ்கில் மலைப்பக்கம் தனியாளாகப் பட்டறை நடத்தும் தச்சர். குறைகளையும் சொல்லப் போவதால் அவர் பெயரைத் தவிர்க்கிறேன். அதனால் படிப்பவர்களுக்கு நட்டமில்லை. இப்படிப்பட்ட மேசையை யாரிடம் செய்யச் சொன்னாலும் பார்க்க வேண்டியவை இவைதாம்.

இந்தப் பாணி எனக்கு அறிமுகமானது பார்சிப்பனியில். அங்கே ரூட் 10-ஐ ஒட்டி, மரச்சாமான் வடிவமைப்பாளர் குஸ்தாவ் ஸ்டிக்லி 1911-இல் குடும்பத்தோடு குடியேறிய மரக்கட்டை வீடு இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. ஆலைப் பொருள்களின் போலிப் பகட்டை வெறுத்து, கலை விமர்சகர் ஜான் ரஸ்கினின் எழுத்தாலும் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸின் பட்டறைகளாலும் பிரிட்டனில் உருவாகி, 1887-இல் லண்டனில் தொடங்கப்பட்ட கண்காட்சிச் சங்கத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட இயக்கத்தை, அமெரிக்க நடுத்தர வீடுகளின் கூடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தவர்களுள் முதன்மையானவர் ஸ்டிக்லி. சிரக்கியூஸ் நகருக்கு அருகில் ஈஸ்ட்வுட்டில் பட்டறை வைத்திருந்தார். 1901 முதல் 1916 வரை ‘தி கிராஃப்ட்ஸ்மேன்’ என்ற இதழை நடத்தி, வாசகர்கள் தாங்களே செய்துகொள்ளும்படி மேசை நாற்காலிகளின் வரைபடங்களை அதில் வெளியிட்டார். 1915-இல் நொடித்துப் போனார். எளிய வீடுகளுக்கென்று அவர் செய்த மரச்சாமான்களின் வரிசையில் வந்த ஒரு பக்கமேசையைத்தான், அவருடைய சிரக்கியூஸ் வீட்டிலிருந்தது என்பதற்காக, 1988-இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 363,000 டாலருக்கு எடுத்தார். எளிமைக்கு இப்படியும் விலை ஏறும் என்பதை என் மனைவிக்கு எடுத்துச் சொல்லி, 6,800 டாலரை நியாயப்படுத்த ஒருமுறை முயன்றேன், பலிக்கவில்லை.

நமக்கும் இந்த இயக்கத்துக்கும் ஓர் உறவு உண்டு என்பதை இடையில் சொல்லிவிட வேண்டும். கொழும்பில் தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, இங்கிலாந்தின் பிராட் கேம்ப்டன் என்ற சிற்றூரில், இவ்வியக்கத்தின் முன்னணியாளர்களுள் ஒருவரான ஆஷ்பி புதுப்பித்துக் கொடுத்த பழைய கட்டடத்தில் வாழ்ந்தார். இலங்கைக் கைவினைகளைப் பற்றிய தம் பெருநூலை, மாரிஸ் பயன்படுத்திய அதே அச்சுப்பொறியில் 1907-08 ஆண்டுகளில் அச்சிட்டார்.

அருங்காட்சியகத்தில் நான் கற்றுக்கொண்டு வந்தது ஒன்றே ஒன்று: வெளியே தெரியும் மூட்டு, உள்ளே வேலை செய்யும் மூட்டாகவும் இருக்க வேண்டும். ஒரு சட்டத்தின் முனையை நாக்குப் போலச் செதுக்கி, இன்னொரு சட்டத்தின் துளைக்குள் நுழைத்து, மறுபுறம் வெளியே நீட்டி, அதில் ஆப்பு அடித்து இறுக்குவது இப்பாணியின் அடையாளம். ஆனால், இதே தோற்றத்தைக் காட்டும் மலிவான சாமான்கள் பலவற்றில் அந்த நாக்கு சட்டத்தோடு பிறந்ததன்று. ஒரு துண்டுக் கட்டையைப் பக்கவாட்டில் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். அலங்காரப் பொய்யை எதிர்த்துப் பிறந்த பாணியையே அலங்காரப் பொய்யாக ஆக்கிய வேலை அது. ஆகவே பட்டறைக்குப் போன முதல் நாளே, அங்கே பாதி முடிந்து நின்ற வேறொருவருடைய மேசைக்கு அடியில் கைவிளக்கோடு நுழைந்துவிட்டேன். தச்சர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆப்பைத் தட்டிக் கழற்றி, சட்டத்தை முழுதாக உருவி என் கையில் கொடுத்தார்.

என் மேசையின் அமைப்பையும் அங்கேதான் முடிவு செய்தோம். இரு முனைகளிலும் இரண்டிரண்டு கால்கள். ஒவ்வோர் இணையையும் மேலும் கீழும் குறுக்குச் சட்டங்கள் சேர்க்கின்றன. கீழ்ச் சட்டங்கள் இரண்டையும் ஊடுருவி ஐந்தடிக்கும் மேற்பட்ட ஒரு நீளச் சட்டம் ஓடுகிறது. அதன் நாக்குகள் இருபுறமும் மூன்று அங்குலம் வெளியே நீள்கின்றன. அவற்றில் செங்குத்தாக ஆப்புகள். இந்த ஆப்பில் ஒரு நுட்பம் இருக்கிறது. நாக்கில் ஆப்புக்கென வெட்டும் துளை, குறுக்குச் சட்டத்தின் முகத்தோடு சரியாக முடிந்துவிடக் கூடாது. ஒரு நூலளவு சட்டத்துக்கு உள்ளேயும் போக வேண்டும். அப்போதுதான் ஆப்பு இறங்க இறங்கத் துளையின் வெளி விளிம்பைத் தள்ளி, நீளச் சட்டத்தைத் தன் பக்கம் இழுத்து இறுக்கும். முகத்தோடு நின்றுவிட்டால், எவ்வளவு அடித்தாலும் ஆப்பு துளையின் உள் விளிம்பில் முட்டி நிற்குமே தவிர மூட்டு இறுகாது. என் மேசையில் இது சரியாகவே செய்யப்பட்டிருந்தது. குளிர்காலத்தில் மரம் காய்ந்து சுருங்கும்போது ஆப்பு சற்றே தளர்கிறது. டிசம்பர் வாக்கில் மரச்சுத்தியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், எட்டுப் பேர் கை ஊன்றினாலும் மேசை அசைவதில்லை. 2023-இல் நாங்கள் வீடு மாறியபோது, மேற்பலகையைப் பிரித்து வைத்துவிட்டு, ஆப்புகளைத் தட்டி எடுத்து, மொத்தக் கால்கட்டையும் அரைமணி நேரத்துக்குள் கழற்றிவிட்டேன். மேற்பலகை மட்டும் நூறு பவுண்டுக்கு மேல் இருக்கும் என்பதால் அதற்கு நண்பர்கள் இருவரை அழைக்க வேண்டியிருந்தது.

மரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையில் பெரும்பங்கு அதற்குத்தான் போகிறது. அடிமரத்தை அப்படியே பலகை பலகையாக அறுத்துக்கொண்டே போனால் பெரும்பாலான பலகைகளில் ஆண்டு வளையங்கள் முகத்துக்கு இணையாகப் படுத்துக் கிடக்கும். நான்காகப் பிளந்து, வளையங்கள் பலகையின் முகத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தாக நிற்கும்படி அறுத்தால் மரம் அதிகம் வீணாகும்; உழைப்பும் கூடும். ஆனால் இரண்டு நன்மைகள் உண்டு. ஒன்று கண்ணுக்கு: ஓக் மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஓடும் கதிர் இழைகள் அப்போது பலகையின் முகத்தில் வெட்டுப்பட்டு, வெள்ளிச் செதில்களாகத் தெரியும். மயில்கழுத்துப் பட்டை வெளிச்சத்தில் திருப்பினால் நிறம் மாறுவது போல, காலையில் கிழக்குச் சன்னல் வழியாக வெயில் விழும்போது ஒரு நிறமும், இரவில் தொங்கும் விளக்கின் கீழ் இன்னொரு நிறமுமாக இருக்கிறது. மற்றது பயனுக்கு: பச்சை மரம் முழுதும் காயும்போது வெள்ளை ஓக் வளையத்தின் போக்கில் 10.5 விழுக்காடு சுருங்குகிறது. வளையத்துக்குக் குறுக்கே 5.6 விழுக்காடுதான். நாற்பத்திரண்டு அங்குல அகலப் பலகையில் இந்த வேறுபாடு சிறியதன்று.

நியூ ஜெர்சியின் கோடைப் புழுக்கத்துக்கும் குளிர்காலத்து ஹீட்டர் வறட்சிக்கும் இடையில் என் மேசையின் அகலம் ஏறத்தாழக் கால் அங்குலம் கூடிக் குறைகிறது. இதை நான் அளவுநாடா வைத்து அளந்தேன், அளக்காமலும் அறியலாம். மேற்பலகையின் இரு முனைகளிலும், பலகைகள் வளையாமல் தட்டையாக நிற்பதற்காக, குறுக்கே ஒரு தலைப்புச் சட்டம் பொருத்தப்பட்டிருக்கிறது. அந்தச் சட்டத்தின் நீளம் நார்ப்போக்கில் இருப்பதால் அது மாறுவதில்லை. பலகையின் அகலம்தான் மாறுகிறது. ஆகஸ்டில் மூலையில் நகத்தை வைத்து இழுத்தால் பலகை சட்டத்தைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ஜனவரியில் அதே மூலையில் சட்டம் துருத்தும். முதல் குளிர்காலத்தில் இதைக் கண்டு பதறி, மேசை பிளக்கிறது என்று தச்சருக்குப் படம் அனுப்பினேன். மேசை மூச்சு விடுகிறது, மூச்சு விடாத மேசைதான் பிளக்கும் என்று பதில் வந்தது. பிறகு அடியில் படுத்துப் பார்த்தபோதுதான் அவர் செய்திருப்பதன் அருமை விளங்கியது. தலைப்புச் சட்டத்தின் நடு முளை மட்டுமே அசையாமல் இறுகியிருக்கிறது. ஓரத்து முளைகள் நீள்வட்டத் துளைகளில் நகர இடம் பெற்றிருக்கின்றன. மேற்பலகையைக் கால்கட்டோடு பிணைப்பவையும் பசையோ நேரடித் திருகாணியோ அல்ல. சட்டத்தின் உட்புறத்தில் வெட்டிய காடியில் நாக்கைச் செருகி நிற்கும் சிறு மரக்கட்டைகள், பலகை விரியும்போது காடிக்குள் வழுக்கிக்கொண்டு கூடவே போகின்றன. கடையில் மேசை வாங்குகிறவர்கள் பார்க்கத் தவறும் இடம் இதுதான். அகலமான மரப்பலகையை நான்கு புறமும் அசைய முடியாதபடி பசையால் பிணைத்திருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் இரண்டு மூன்று குளிர்காலத்தில் வெடிப்பு விடக்கூடும்.

கால்களில் இன்னொரு சிக்கல் உண்டு. மேற்சொன்னபடி அறுத்த கட்டையில் வெள்ளிச் செதில்கள் எதிரெதிரான இரண்டு முகங்களில்தான் தெரியும். மற்ற இரண்டும் சாதாரணமாக இருக்கும். சதுரக் காலில் இது கண்ணை உறுத்தும். குஸ்தாவ் ஸ்டிக்லி, சாதாரண முகங்களின் மேல் மெல்லிய ஓக் தகடு ஒட்டினார்; அவருடைய தம்பிகள் லியோபோல்டும் ஜான் ஜார்ஜும் நடத்திய நிறுவனம், நான்கு துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்று பூட்டி நான்கு முகத்திலும் செதில் தெரியும்படி கால் செய்தது. என் தச்சர் இரண்டாம் வழியை ஒட்டி, நான்கு பலகைகளைச் சாய்வெட்டில் சேர்த்துச் செய்திருக்கிறார். விளிம்பில் சேர்க்கை இருப்பதை விரல் நகத்தால் தேடினாலும் எனக்கு அகப்படவில்லை.

நிறத்துக்கு அவர் தூரிகையைத் தொடவில்லை. வெள்ளை ஓக்கில் துவர்ப்புப் பொருளான டானின் மிகுதி. அம்மோனியா ஆவி பட்டால் அது தானே கறுத்துப் பழுப்பாகும். ஸ்டிக்லி பட்டறையிலும் இதே முறைதான். பிளாஸ்டிக் விரிப்பால் கூடாரம் கட்டி, உள்ளே கடுமையான அம்மோனியா நீர்க் கிண்ணங்களோடு என் மேசையின் பாகங்களை இரண்டு இரவு அடைத்து வைத்திருந்தார். அது வீட்டில் செய்து பார்க்கும் வேலையன்று. கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். நிறம் மரத்துக்குள்ளிருந்தே வருவதால் சிறு சிராய்ப்பு விழுந்தாலும் அடியில் வெளுப்புத் தெரிவதில்லை என்பது இதன் பெரிய வசதி. அதன் மேல் எண்ணெயும் மெழுகும் கலந்த பூச்சு மட்டும் கொடுத்திருக்கிறார்.

குறை வெளிப்பட்டதும் இந்த நிறத்தில்தான். என் அப்பா செங்கோட்டையில் நாற்பது ஆண்டு மரக்கடை நடத்தியவர். மேசை வந்து ஓராண்டுக்குப் பின் எங்களிடம் வந்தவர், பயணக் களைப்புத் தீருமுன்பே நாற்காலியை நகர்த்திவிட்டுக் கீழே குனிந்து பார்த்தார். பார்த்த மாத்திரத்தில், “வெள்ளை விட்டிருக்கான்டா, இங்க பாரு” என்று நீளச் சட்டத்தின் அடிவிளிம்பைக் காட்டினார். வைரம் பாய்ந்த நடுமரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர்மரத்தைத்தான் அவர் வெள்ளை என்பார். அதில் அம்மோனியாவுக்குப் பிடிமானம் இல்லை. ஆகையால் ஒரு விரலகலத்துக்கு, இரண்டடி நீளத்துக்கு, பழுப்புச் சட்டத்தில் ஒரு வெளிர்ப் பட்டை ஓடியது. ஓராண்டாக நான் கவனிக்கவில்லை. இந்த விலைக்கு இது நேர்ந்திருக்கக் கூடாது; பாகங்களைக் கூடாரத்தில் வைப்பதற்கு முன்பே அதை அறுத்துத் தள்ளியிருக்க வேண்டும். தச்சரிடம் சொன்னபோது மறுக்கவில்லை. சட்டத்தையே புதிதாகச் செய்து தருகிறேன், ஆனால் மூன்று மாதமாகும், அல்லது சாயம் ஏற்றிச் சரிசெய்கிறேன் என்றார். நான் சாயத்துக்கு ஒப்புக்கொண்டு, ஆப்புகளைத் தட்டி அந்த ஒரு சட்டத்தை மட்டும் உருவிக் காரில் போட்டு எடுத்துப் போனேன். காசு வாங்கவில்லை. விளக்கு வெளிச்சத்தில் இப்போது வேறுபாடு தெரிவதில்லை. பகலில், எங்கே என்று அறிந்தவனுக்குத் தெரிகிறது. அப்பா ஒவ்வொரு வீடியோ அழைப்பிலும் அதை விசாரிக்கிறார்.

இரண்டாவது குறை, மேசையின் இரு தலைமாட்டிலும் உட்காருகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே இருக்கிறது. வெளியே நீட்டிய நாக்கும் ஆப்பும் சரியாக அவர்களுடைய கணைக்கால் இருக்கும் இடத்தில் நிற்கின்றன. மூலைகளை மழித்திருக்கிறார் என்றாலும், ஓக் ஓக்தான். உயரமான விருந்தினர்களைத் தலைமாட்டில் உட்கார வைப்பதை நாங்கள் நிறுத்திவிட்டோம். முன்பே யோசித்திருந்தால் நாக்கின் நீளத்தை இரண்டு அங்குலமாகக் குறைக்கச் சொல்லியிருக்கலாம்.

தமிழ்ச் சமையலுக்கு இந்த மேசை எப்படித் தாங்குகிறது என்பதுதான் பலரும் கேட்பது. மஞ்சள் கறை அவ்வளவாகப் பயமுறுத்த வேண்டியதில்லை. மீன் குழம்பு சிந்திய இடத்தில் விழுந்த மஞ்சள், சன்னல் வெயில் பட்டுச் சில வாரங்களில் மங்கிப் போனது. கொதிக்கும் குக்கரை நேராக வைத்தால் வெள்ளை வளையம் விழும்; மிக நைசான உப்புத்தாளால் தேய்த்து, அந்த இடத்தில் மட்டும் பூச்சை மறுபடி தடவினால் சரியாகிவிடுகிறது. கெட்டியான வார்னிஷ் பூசிய மேசையில் இப்படி ஓரிடத்தை மட்டும் சீர்செய்வது கடினம். உண்மையில் அஞ்ச வேண்டியது இரும்பை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கழுவிய ஈரத்தோடு தோசைக்கல்லை நான் மேசையில் வைத்துவிட்டு மறந்து போனேன். மாலையில் எடுத்தபோது கரியால் வரைந்தது போல ஒரு கறுப்பு வட்டம். கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மையாகும் என்பது நம் சாயக்காரர்கள் அறிந்த பழைய செய்தி. ஓக் மரத்தின் டானினும் அதையேதான் செய்கிறது. ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போட்டு வெளுக்கச் செய்தேன். முக்கால்வாசி போயிற்று, மீதியின் மேல் பழத்தட்டு இருக்கிறது. இது தச்சரின் குற்றமன்று. ஆனாலும் மேசையை இறக்கி வைத்த அன்று ஈர இரும்பு ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

சேவையைப் பற்றிச் சுருக்கமாக: 2021 ஆகஸ்டில் பாதிப் பணம் கொடுத்தேன், ஜனவரியில் தருவதாகச் சொன்னார், வந்தது 2022 ஏப்ரலில். தாமதத்துக்கு மரம் காய்வதைக் காரணமாகச் சொன்னார், அது மெய்யாகவே இருக்கலாம்; நான் கேட்காமல் ஒருமுறைகூட அவராகச் சொல்லவில்லை என்பதுதான் வருத்தம். மூன்று மாதம் மடிப்பு மேசையில் சாப்பிட்டோம். கைவினை என்ற சொல்லைப் பற்றியும் ஒரு தெளிவு தேவை. அவர் பட்டறையில் இயந்திர வாளும் இயந்திர இழைப்பானும் இருக்கின்றன. பலகையை அறுத்து மட்டப்படுத்துவது அவற்றின் வேலை. துளைகளின் மூலைகளைச் சதுரமாக்குவதும், நாக்கைத் துளைக்கு ஒப்பச் சீவிச் சீவிப் பொருத்துவதும், கடைசியாகப் பலகை முகத்தை உப்புத்தாள் இல்லாமல் எஃகுத் தகட்டால் சுரண்டி மெருகேற்றுவதும் கையால். ஸ்டிக்லியும் இயந்திரத்தை ஒதுக்கியவரல்லர் என்பதால் இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எல்லாம் உளியும் இழைப்புளியும் என்று எண்ணிப் போகிறவர்கள் ஏமாறாமல் இருப்பதற்காகச் சொல்கிறேன்.

காத்திருக்க முடியாதவர்களுக்கு, தம்பிகள் தொடங்கிய எல். அண்ட் ஜே.ஜி. ஸ்டிக்லி நிறுவனம் 1989 முதல் பழைய வடிவங்களை மறுபடி தயாரித்து வருகிறது. காட்சியறையில் பார்த்துத் தொட்டு வாங்கலாம். கையில் ஓரளவு வேலைத்திறம் உள்ளவர்கள், பழைய வரைபடங்களை வைத்துக்கொண்டு முதலில் ஒரு சிறு தேநீர் மேசையைச் செய்து பார்க்கலாம். ஆப்பு மூட்டில் எத்தனை நுட்பம் இருக்கிறது என்பது அப்போதுதான் கைக்குத் தெரியும். இருட்டான சிறு அறை உள்ளவர்கள் இந்தப் பாணியையே தவிர்ப்பது நல்லது. எங்கள் பழைய அடுக்கக வீட்டில் மேசை ஒரு கரிய பாறை போல் அறையை அடைத்துக்கொண்டு கிடந்தது. சன்னல் உள்ள இப்போதைய அறைக்கு வந்த பிறகே அதன் செதில்களை முழுதாகப் பார்த்தேன்.

அதே பட்டறையில் இப்போது ஒரு பெஞ்சுக்குச் சொல்லியிருக்கிறேன். வெளிர்மரம் எங்கும் வரக் கூடாது, நாக்கு இரண்டு அங்குலத்துக்கு மேல் நீளக் கூடாது என்று இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். நவம்பரில் தருவதாகச் சொல்கிறார். நான் பிப்ரவரி என்று கணக்கு வைத்திருக்கிறேன்.